ஜன்னத் தவறவிட்ட கப்பல்

பிலோமி படியேறி வந்தபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. அருள்பிரகாசம் வெந்நீர் வாளியில் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் காணாமல் போன சரக்குகளைத் தேடிப் பிடிக்கும் வேலையில் முப்பத்திரண்டு வருஷம் நடந்த கால்கள். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் வீக்கம் வடியவில்லை. ராயபுரத்துக்காரர்கள் அவரைத் தேடி வருவதும் நிற்கவில்லை.

"எங்க வூட்டுக்காரர போலீசு இட்டுகினு பூட்சி, நைனா," என்று சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. ராத்திரியே அழுது முடித்துவிட்டாள் போலிருந்தது.

"யாரு, சவரிநாதனா? ஹார்பர் வாட்ச்மேன்?"

"அவருதான். நேத்து ரங்கூன்லேர்ந்து சாகரிகா கப்பலு வந்திச்சில்ல, அதுல ஒரு அம்மாவோட கெம்புக்கல்லு சிலுவை காணாம பூட்சாம். இவருதான் எட்த்தாருன்றாங்கோ. நாளைக்குக் கோர்ட்டு. கோர்ட்டு ஏறிட்டா வேல போச்சி. வேல போச்சின்னா குவார்ட்டர்ஸ் போச்சி. மூணு புள்ளைங்கள இட்டுகினு நான் எங்க போவேன்?"

"அவன் எடுக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வூட்டுல மீன் கொழம்புல தலைய எடுக்கறதுக்கே, 'எட்த்துக்கவா'ன்னு என்னையக் கேப்பாரு நைனா. அந்த மன்சன் அடுத்தவங்க சிலுவையில கைய வைப்பாரா?"

"வைக்க மாட்டான்!" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அதன் பின்னால் காப்பித் தம்ளரோடு சீனியம்மாள் வந்தாள். கீழே மெஸ் நடத்துகிறவள். திருநெல்வேலிப் பக்கம், ஐம்பது வயது விதவை. அருள்பிரகாசத்துக்குச் சாப்பாடு போடுவது அவள் தொழில். அவருடைய வழக்குகளில் புகுந்துகொள்வது அவள் ஆசை.

"அண்ணாச்சி, எனக்குத் தெரிஞ்சு போச்சு. கப்பல் பட்லர்தான் எடுத்திருக்கான். எடுத்துட்டுக் கப்பலோட ஓடிட்டான்."

"கப்பல் ஓடத்தான் செய்யும் சீனியம்மா. அதுக்கு அதுதான் வேலை," என்று சொல்லி அவர் ஒரு காலை வாளியிலிருந்து எடுத்தார். பிறகு பெருமூச்சு விட்டு இன்னொரு காலையும் எடுத்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் முழங்கையை ஊன்றிக் கண்ணை மூடியிருந்தார். அருள்பிரகாசத்தையும் சீனியம்மாளையும் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், கையை மட்டும் காட்டினார்.

"உட்காருங்க சார். ரெண்டு நாளா தூக்கமே இல்ல. இந்தக் கேஸ்ல உங்களுக்கு வேலை இல்ல, ரொம்ப நேரானது."

"நேரானதுன்னா சீக்கிரம் சொல்லிடலாமே."

"தேவகிருபைன்னு ஒரு அம்மா. ரங்கூன்ல இருந்ததையெல்லாம் விட்டுட்டு வந்துட்டாங்க. மிஞ்சினது மகள் கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்த அந்தச் சிலுவை ஒண்ணுதான். கூட வயசான தாயார். ரெண்டு பேரும் கேபினை விட்டு நகரவே இல்ல. சாப்பாட்டு மணி அடிச்சதும் போய்ச் சாப்பிட்டுட்டு அரை மணியில வந்துட்டாங்க. கேபின் காலியா இருந்தது அந்த அரை மணிதான். மூணு மணிக்குச் சுங்கக் கொட்டகையில பெட்டியைத் திறக்கறாங்க, சிலுவை இல்ல."

"சாப்பாட்டு மணி எத்தனைக்கு?"

"பன்னெண்டு. கேபின் கதவுல அட்டையே மாட்டியிருக்காம். நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். ரங்கூன் நேரம் நமக்கு ஒரு மணி முன்னால. ஆனா இந்தக் கம்பெனிக் கப்பலுங்க நம்ம துறைமுகத்துக்கு வந்ததும் கடிகாரத்தைத் திருப்பி வெச்சிடும். இருபது வருஷ வழக்கம்."

"நீங்க கப்பலுக்குள்ள ஏறினீங்களா?"

"இல்ல சார், வெயில் கொளுத்துது. எல்லாரையும் கொட்டகைக்கே வரவழைச்சு வாக்குமூலம் வாங்கிட்டேன். துறைமுகத்துல பன்னெண்டு சங்கு ஊதும்போது சவரிநாதன் அந்தக் கேபின் வழிநடையில நின்னிருக்கான். பட்லர் பார்த்திருக்கான். மாற்றுச் சாவி அங்கயே ஆணியில தொங்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

சவரிநாதனைக் கூட்டி வந்தார்கள். பெரிய உடம்பு. நிற்கிற இடத்தில் தான் அதிகம் என்று நினைப்பவனைப் போல ஒடுங்கி நின்றான்.

"அங்க எதுக்குப் போனே?"

"தண்ணி குடிக்கப் போனேன் சார். அங்க பானைத் தண்ணி ஜில்லுனு கீது. சங்கு ஊதச்சொல்லோ போனேன், குட்ச்சேன், வந்துட்டேன்."

"சாப்பாட்டு மணி அடிச்சப்போ?"

"அப்போ கீய ஏணியாண்டதான் நின்னுகினு இருந்தேன். மணி அடிச்சி எவ்ளோ நேரம் கயிச்சித்தான் மேல போனேன்."

இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். "கேட்டீங்களா? மணியும் பன்னெண்டுக்கு, சங்கும் பன்னெண்டுக்கு. ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ நேரமாம்! இந்த ஒரு பொய்யே போதும் சார்."

அருள்பிரகாசம் சவரிநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார். "கரையிலேர்ந்து யார் யார் ஏறினாங்க?"

"நோட்டுல பேர் எயுதாம யாரும் ஏற முடியாது சார். கப்பல் ஏஜெண்டு ஆபீசு ஆளுங்கள மட்டும் எயுத மாட்டோம். நாள் பூரா ஏறுவாங்கோ, எறங்குவாங்கோ."

"நேத்து வந்தவர் குமாஸ்தா தவசிமுத்து," என்றார் இன்ஸ்பெக்டர். "அவரையும் விடல, விசாரிச்சேன். பன்னெண்டு மணிக்கு இந்த அம்மாவோட மெஸ்ஸில இருந்திருக்கார்."

"ஆமா, அண்ணாச்சி!" என்றாள் சீனியம்மாள். "சங்கு ஊதையில நாந்தானே அவனுக்குச் சாம்பார் ஊத்துனேன். நம்ம ஊர்ப் பய. ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட்டுப் படிப்பான். நேத்துகூட ஒரு பனங்கற்கண்டு டப்பாவை எங்கிட்ட குடுத்து, 'ஊருக்கு யாரும் போனா அம்மாவுக்குக் குடுத்து அனுப்பணும்க்கா'ன்னு சொன்னான். அவனைப் போயிச் சந்தேகப்படுதியளே!"

"நான் ஒண்ணும் சொல்லலையே சீனியம்மா," என்று சொல்லி அவர் மெல்ல எழுந்தார்.

ஏஜென்ட் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி இருந்தது. வாசலில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு படியை மறித்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போக வழியில்லாமல் மானேஜர் உள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, யார் நீ?" என்று கேட்டார் அருள்பிரகாசம்.

"ஜன்னத். புளியந்தோப்பு. என் வூட்டுக்காரு ரங்கூன்ல கீறாரு. அவராண்ட போவத்தான் டிக்கெட்டு வாங்கினேன். இப்போ என் பொட்டி ரங்கூன் போய்கினு கீது, நான் புளியந்தோப்பு போவணுமாம். நல்லா கீதா நாயம்?"

"கப்பலை விட்டுட்டியா?"

"நான் எங்கய்யா வுட்டேன், அதான் என்னைய வுட்டுட்ச்சி! ஆறு மணிக்குன்னு போர்டுல போட்டு வெச்சிட்டு அஞ்சுக்கே பூட்சி. நான் அஞ்சே காலுக்கு வந்து பாக்கறேன், அது தண்ணில தொலைவா போய்கினு கீது. கைய ஆட்டுறேன், எவனோ ஒருத்தன் பதிலுக்குக் கைய ஆட்டுறான். டாட்டா காட்டுறான் எனக்கு!"

சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அருள்பிரகாசம் சிரிக்கவில்லை. படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போர்டுல ஆறுன்னு மட்டுந்தான் இருந்துதா?"

"அதான் பேஜாரே. காலைல பொட்டி ஏத்தச்சொல்லோ ரெண்டு கீது. மேல ஆறு, கீய அஞ்சு. எனக்கு எயுத்து தெரியாது, நம்பர் தெரியும். எது நெசம்னு கொயம்பிகினு மறுபடி ஒரு மூணரை மணி வாக்குல போய்ப் பாத்தேன். ஒரு கோட்டுக்காரன் கைக்குட்டையால கீய இருந்த அஞ்சைத் தொடச்சிகினு கீறான். 'நைனா, எது நெசம்?'னேன். என்னையத் திரும்பிப் பாத்தான். கொஞ்ச நேரம் கம்முனு இருந்துட்டு, 'ஆறு'ன்னான். சரின்னு தங்கச்சி வூட்டுக்குப் போயி ஒரு டீ குட்ச்சிட்டு வந்தேன்."

"அந்த ஆளைப் பார்த்தா அடையாளம் தெரியுமா?"

"தெரியாம? ராத்திரி பூரா அவனத்தானே திட்டிகினு இருந்தேன்."

அருள்பிரகாசம் உள்ளே பார்த்து மானேஜரிடம் கேட்டார்: "சார், நேத்து சாகரிகா கடிகாரத்தைத் திருப்பி வெச்சுதா?"

"இல்ல சார். சரக்கு கொஞ்சந்தான், அன்னிக்கே ரங்கூனுக்குத் திரும்பற கப்பல். ஒரு நாளுக்காக எதுக்கு மாத்தறதுன்னு கப்டன் விட்டுட்டார். அந்த மாதிரி நேரத்துல கரை நேரத்தையும் போர்டுல எழுதணும். கப்டன் சீட்டு காலையிலயே வந்துடுச்சு. தவசிமுத்து கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கார், பாருங்க."

சீட்டைப் பார்த்தார். சீனியம்மாளும் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மெதுவாக வடிந்தது.

"அண்ணாச்சி..."

"நீ போய் இன்ஸ்பெக்டரைச் சவரிநாதனோட மெஸ்ஸுக்கு வரச்சொல்லு. பன்னெண்டுக்குள்ள. இந்த அம்மாவை நான் கூட்டிட்டு வரேன். அப்புறம், அந்தக் கற்கண்டு டப்பாவை யாரும் தொட வேண்டாம்."

வெள்ளிக்கிழமை வேதக்காரர்கள் கறி தொடமாட்டார்கள் என்பதால் மெஸ்ஸில் மீன் குழம்பு. தவசிமுத்து வழக்கம்போல வந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டி, இலைமுன் உட்கார்ந்தான். துறைமுகத்தில் சங்கு ஊதியது. எதிர் நாற்காலியில் அருள்பிரகாசம் வந்து உட்கார்ந்தார்.

"நேத்தும் இதே சங்கு ஊதும்போது நீங்க இங்கதான் இருந்தீங்க, இல்லையா தம்பி?"

"ஆமா சார். அக்காவையே கேளுங்க."

"கேட்டாச்சு. உண்மைதான். பதினோரு மணிக்கு எங்க இருந்தீங்க?"

தவசிமுத்துவின் கை சோற்றில் நின்றது. "பதினோரு மணியா? அதைப் பத்தி யாரும் கேக்கலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன். யாரும் கேக்கல."

சமையற்கட்டு வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். பின்னால் சவரிநாதனும் பிலோமியும். அருள்பிரகாசம் குரலை உயர்த்தவில்லை. களைத்த குரலில், மனப்பாடம் ஒப்பிக்கிறவரைப் போலச் சொன்னார்.

"சாகரிகா நேத்து கடிகாரத்தைத் தொடல. பகல் முழுக்க ரங்கூன் நேரத்துலயே நின்னுது. கப்பல்ல பன்னெண்டு அடிச்சா நமக்குப் பதினொண்ணு. தேவகிருபை அம்மா சாப்பிடப் போனது நம்ம பதினோரு மணிக்கு. சவரிநாதன் தண்ணி குடிக்கப் போனது நம்ம பன்னெண்டு மணிக்கு. மணி அடிச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் போனேன்னு அவன் சொன்னான். அதைப் பொய்னு எழுதிக்கிட்டோம். இந்தக் கேஸ்ல எல்லாரையும் விட நிஜம் பேசினது அவன்தான்."

"ஆனா பட்லர்..." என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர்.

"பட்லரும் நிஜந்தான் சொன்னான். சங்கு ஊதும்போது பார்த்தேன்னான். சாப்பாட்டு மணி அப்பவே அடிச்சுதான்னு அவன்கிட்ட யாரும் கேக்கல. நீங்க வழக்கத்தை நம்பிட்டீங்க. ரெண்டு நாள் தூக்கம் இல்லாதவன் வழக்கத்தைத்தான் நம்புவான். தப்புச் சொல்லல."

"எனக்கென்ன சார் சம்பந்தம்?" என்றான் தவசிமுத்து. "கப்பல் நேரத்தைக் கப்பல்காரன் சொல்லணும்."

"கொட்டகையில பெட்டியைத் திறந்தப்போ ஏஜென்ட் ஆபீஸ் ஆளா நீங்களும் நின்னீங்க. இன்ஸ்பெக்டர் பன்னெண்டுன்னு எழுதினதைக் கேட்டீங்க. கரையில இருந்தவங்கள்ல கப்பல் நேரம் வேறன்னு தெரிஞ்சவர் நீங்க. காலையில போர்டுல ரெண்டு நேரத்தையும் எழுதினதே நீங்கதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சவரிநாதன் அப்பவே வீட்டுக்குப் போயிருப்பான். நீங்க சொல்லல. ரெண்டு நேரமும் யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு நேரா போய்ப் போர்டுல இருந்த கரை நேரம் அஞ்சைத் துடைச்சீங்க."

"யார் பார்த்தது?"

"நான் பாத்தேன்," என்று ஜன்னத் உள்ளேயிருந்து வந்தாள். "இவன்தான். இதே மூஞ்சி. இதே கோட்டு. ஆறுன்னியே, நைனா, ஆறு! என் பொட்டிய எவன் எறக்குவான்?"

தவசிமுத்து அவளைப் பார்க்கவில்லை.

"நீங்க கொஞ்ச நேரம் யோசிச்சீங்க," என்றார் அருள்பிரகாசம். "அஞ்சுன்னு நிஜத்தைச் சொல்லியிருந்தா இந்த அம்மா கப்பல் ஏறியிருப்பாங்க. இந்நேரம் நடுக்கடல். நீங்க துடைச்சதைப் பார்த்த ஒரே ஆள் கரையிலயே இருந்திருக்க மாட்டாங்க. ஆறுன்னு சொல்லி உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே மெட்ராஸ்ல இறக்கி வெச்சிட்டீங்க."

சீனியம்மாள் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள். தானே திறக்கவில்லை. அவர் ஒரு காகிதத்தை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். கற்கண்டுக் கட்டிகளோடு ஒரு பட்டுத்துணி முடிச்சும் விழுந்தது. அதை அவிழ்த்தபோது உள்ளே சிவப்பாக மின்னியது.

"அம்மாவுக்குன்னு சொன்னியேலே," என்றாள் சீனியம்மாள்.

தவசிமுத்து எழுந்து கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரோடு போனான். கூடவே ஜன்னத்தும் வாக்குமூலம் கொடுக்கப் போனாள். அடுத்த கப்பலுக்கு ஏஜென்ட் ஆபீஸே சீட்டு கொடுக்க வேண்டும், பெட்டிக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனது தெருக்கோடி வரை கேட்டது.

"நான் பொய் சொல்லலையே, அண்ணாச்சி," என்றாள் சீனியம்மாள். "சங்கு ஊதையில அவன் இங்கதானே இருந்தான்."

"நீ சொன்னது அத்தனையும் நிஜம். நீ நிஜந்தான் பேசுவேன்னு அவனுக்கும் தெரியும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தவசிமுத்து பாதியில் விட்டுப்போன இலையை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தைக் கழுவி, வேறு இரண்டு இலைகளைப் போட்டாள். "உட்காருங்க ரெண்டு பேரும். நேத்துலேர்ந்து பட்டினி."

சவரிநாதன் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தான். பக்கத்தில் பிலோமி. சீனியம்மாள் குழம்புச் சட்டியையே கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் கரண்டியை எடுத்தான், சட்டிக்குள் பார்த்தான், நிறுத்தினான்.

"தலைய எட்த்துக்கவா?" என்று பிலோமியைக் கேட்டான்.

காலையிலிருந்து அழாமல் இருந்த பிலோமி அப்போதுதான் அழுதாள்.