கண்ணாடிக்குக் கீழே ஒரு கை

உலு திராமில் வாடகைக்கு எடுத்த அந்தப் பழைய வரிசை வீட்டுக்கு ஷர்மினி குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கணவன் ரூபேந்திரனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவான். வீட்டிலேயே டியூஷன் தொடங்கலாம் என்று அவள் ஒரு பிரிண்டர் வாங்கியிருந்தாள்.

அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. குழந்தை மலர் ஹாலில் ஸ்பிரிங் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ரூட்டர் பின்னறையில் இருந்ததால் பிரிண்டரை அங்கே தூக்கிப்போனாள். வெகுநாள் பூட்டிக் கிடந்த அறை. ஈரச் சுவரின் வாடையோடு, யாரோ இப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்ததைப் போல ஒரு மணம்.

பிரிண்டரின் வைஃபை பொத்தானை அழுத்திப் பிடித்தாள். நீல விளக்கு சிமிட்டியது. ரூட்டரின் பொத்தானையும் அழுத்தினாள். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது.

வேலை செய்கிறதா என்று பார்க்க, கைப்பேசியில் ஸ்கேன் தட்டினாள். மூடிக்குக் கீழே வெளிச்சம் மெல்ல ஊர்ந்தது. உள்ளே தாள் எதுவும் இல்லை. வெறும் வெள்ளையாகத்தான் வரவேண்டும்.

திரையில் ஓர் உள்ளங்கை வந்தது.

சுருக்கம் விழுந்த பெண் கை. விரல்களை விரித்துக் கண்ணாடியில் அழுத்தியிருந்தது.

மூடியைத் திறந்தாள். கண்ணாடி சுத்தமாக இருந்தது. வேலையில் இருந்த ரூபேந்திரனை ஃபோனில் கூப்பிட்டாள்.

"ரூபன், ஸ்கேன் பண்ணா யாரோட கையோ வருது."

"கடையில யாராச்சும் டெஸ்ட் பண்ணிருப்பாங்க லா. ஆஃப் பண்ணிட்டு மறுபடி பாரு."

அணைத்துவிட்டு, மறுபடி போட்டு, ஸ்கேன் செய்தாள். அதே கை. ஆனால் விரல்கள் மடங்கியிருந்தன, யாரையோ வா என்று அழைப்பதைப் போல.

"கை அசைஞ்சிருக்கு," என்றாள்.

"மினி, பிளக்கைப் பிடுங்கிட்டு வெளிய வா."

பிடுங்கினாள். நீல விளக்கு அணைந்தது. மழைச் சத்தம் மட்டும்.

மூடிக்குக் கீழே வெளிச்சம் ஊர்ந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. புதுப் படம். அந்தக் கிழட்டுக் கைக்குள் ஒரு குட்டிக் கை. மணிக்கட்டில் கறுப்பு மணி வளையல்.

மலரின் வளையல்.

ஹாலில் தொட்டிலின் ஸ்பிரிங் கிரீச்சிட்டது.

ஷர்மினி ஓடினாள். மலர் விழித்திருந்தாள். அழவில்லை. வலது கையை மேலே தூக்கியபடி, பக்கத்தில் நிற்கும் யாரையோ அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அள்ளிக்கொண்டு மழையில் இறங்கியவள், பிறகு அந்த வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. ரூபேந்திரன்தான் போய்த் துணிமணிகளை எடுத்து வந்தான். பிரிண்டரை அங்கேயே விட்டுவிட்டான்.

இப்போது தங்காக்கில், அவள் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். மலர் நன்றாகச் சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள். தூங்கும்போது மட்டும் வலது கை எதையோ பற்றியதைப் போல வளைந்து மூடியிருக்கும். பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

நேற்று சாயங்காலம் ஷர்மினி அந்தக் கைக்குள் தன் சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தாள்.

நுழையவில்லை.

உள்ளே ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது. சில்லென்று.