தைலம்மாள் கல்

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த பிறகும் சாலம்மாளின் தலையிலிருந்து கனம் இறங்கவில்லை.

கையைத் தூக்கி உச்சியைத் தடவிப் பார்த்தாள். சும்மாடுகூட இல்லை, அதை உதறிக் கொடியில் போட்டாகிவிட்டது. குடம் குடிசையின் மூலையில், பிரிமணையின் மேல், ஈரம் மினுங்க உட்கார்ந்திருந்தது. ஆனாலும் நிறைகுடம் ஒன்று இன்னும் தலைமேல் இருப்பதுபோலக் கழுத்து நரம்பு விறைத்து நின்றது. குனிந்தால் தளும்பிவிடும் என்று உடம்பு தானாகவே நிமிர்ந்தது. வயிற்றில் ஏழு மாதம், இப்படியெல்லாம் இருக்கும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்தாள். கஞ்சி கொதித்து அடங்குகிற வரைக்கும் கனம் இருந்தது. பிறகு, யாரோ கையை எடுத்ததுபோல, போய்விட்டது.

கல்லைக் கொண்டுவந்து போட்ட மறுநாள் அது.

கோமுகி அணைக்குக் கீழே, ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில் இருந்தது அந்த மணல்திட்டு. பட்டா இல்லாத மண். அதனால்தான் அது கரும்புக் கொல்லைகளில் கூலிக்குப் போகிற சனங்களுக்குக் கிடைத்தது. சில குடிசைகள், வெள்ளரிக் கொடி, கீரைப் பாத்தி, ஓரமாக ஆடுகள். ஒவ்வொரு மழைக்கும் அணையில் மதகு திறக்கும்போது மேற்கு முனையை ஆறு தின்னும். அந்த முனைக்குத் திட்டின் மூக்கு என்று பெயர். போன வருடம் மூக்கோடு சேர்த்து அம்மாசியின் குடிசையும் போயிற்று.

இந்த வருடம் சனங்கள் விடுவதாக இல்லை. சித்திரையிலிருந்தே கூலி வேலை முடிந்து வந்து, பொழுது சாயும்வரை கரையில் பாடுபட்டார்கள். பனை முளைகளை அடித்து இறக்கி, நடுவில் நொச்சி மிலாறுக் குச்சிகளைப் பின்னிப் படல் கட்டினார்கள். யூரியா சாக்குகளில் மணல் நிரப்பி அடுக்கினார்கள். நாணலும் வெட்டிவேரும் நட்டார்கள். ஆவணியில் படலுக்கு இந்தப் பக்கம் புது மணல் ஒதுங்கி, போன கரை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மூக்குக்கு மட்டும் மணல் போதாது, கல் வேண்டும். ஒரு லாரி பாறைக்கல் அனுப்புவதாக அதிகாரி ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

எண்பத்தேழாம் வருடம் அது. புரட்டாசி பிறந்தது, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியலும் பிறந்தது. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. லாரி இல்லை. கல்வராயன் மலைமேல் கறுத்துக்கொண்டு வந்த மேகத்தை மறிக்க மட்டும் ஆளில்லை.

திட்டு சனம் கூடிப் பேசியது. கரை வேலைக்கு முன்நின்றவர் அம்மாசி. எதையும் கேலியாகப் பேசியே பழகியவர்.

"அவங்களுக்கு மறிக்கிறதுக்கு ரோடு இருக்குது. நமக்கு இன்னா இருக்குது, ஆறுதான். வாங்கடா, நாம அத்த மறிப்போம்" என்றார்.

ஆனால் கல்லுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அப்போதுதான், ஆம்பிளைகள் நடுவில் வாய் திறந்தே அறியாத சாலம்மாள் பேசினாள்.

"எங்கக்கா கல்லு இருக்குதே."

அக்கா தைலம்மாள் நிறைமாதத்தில் செத்தவள். வலி எடுத்தபோது ஊருக்குள் வண்டி கேட்டார்கள். கரும்பு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கச்சிராயபாளையத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே கிளம்பியவள், பழைய வண்டிப்பாதை வளைவில் உட்கார்ந்தாள், அப்புறம் எழவில்லை. வயிற்றுச் சுமையோடு செத்தவளுக்கு அந்தப் பக்கத்தில் சுமைதாங்கி வைப்பார்கள். இரண்டு கல்லை நட்டு, தலையுயரத்தில் அவற்றின் மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்துவார்கள். தனியாக வருகிறவர்கள் துணைக்கு ஆள் தேடாமல் தலைச்சுமையை அதில் இறக்கி இளைப்பாறலாம். அப்படி ஒவ்வொரு சுமை இறங்கும்போதும் செத்தவளின் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை.

வருடம் திரும்புவதற்குள் அக்கா புருஷன் இருசப்பனுக்கே சாலம்மாளைக் கட்டி வைத்தார்கள். பஸ் வந்த பிறகு அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. இருசப்பன் மட்டும் நடந்தான். புல்லுக்கட்டோ விறகோ, தலையில் எது இருந்தாலும் அங்கே இறக்கி, கொஞ்ச நேரம் நின்று, எடுத்து வருவான். வெறுந்துண்டாக இருந்தாலும் அந்தக் கல்லின்மேல் வைத்து எடுத்துத்தான் வருவான். இத்தனை வருடமும் சாலம்மாள் அதைக் கேட்டதில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லை எடுக்கக் கூடாது என்றாள் பக்கத்துக் குடிசைக் குஞ்சம்மாள். எடுத்தால் தைலம்மாள் தன் சுமையை எங்கே இறக்குவாள் என்று கேட்டாள். செத்தவளுக்காகப் பார்த்தால் இருப்பவர்கள் ஆற்றோடு போக வேண்டியதுதான் என்று ஆம்பிளைகள் சொன்னார்கள். இருசப்பன் பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தான். முதல் கடப்பாரையை அவனே போட்டான்.

மூன்று கற்களையும் கம்பில் கட்டித் தூக்கி வந்து, திட்டின் மூக்கில் குழி பறித்துப் படுக்கப் போட்டு, மேலே சாக்கு மூட்டைகளை அடுக்கினார்கள்.

அன்று பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்து இருசப்பன் புல்லுக்கட்டோடு வந்தான். வந்தவன் வாசலில் கட்டை இறக்காமல் நின்றான். கழுத்தில் வேர்வை ஓடியது.

"ஏன் மாமா நின்னுக்கினே இருக்கீங்க? எறக்கி வையுங்க."

"எங்க எறக்கறதுன்னு தெரியல" என்றான்.

அதற்கு அடுத்த நாள்தான் குடத்தின் கனம் வந்தது. பிறகு தினமும் வந்தது. மணல் கூடையைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தால் கூடை இன்னும் தலையில் இருக்கும். விறகைப் போட்டால் விறகின் கனம் மிச்சமிருக்கும். முதலில் கஞ்சி கொதிக்கும் நேரம். பிறகு சாப்பிட்டு எழும் நேரம். பிறகு, படுத்த பிறகும். தலைச்சுமையோடு படுக்க முடியாது என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். தூங்கும்போதும் ஒரு கை தூக்கி, இல்லாத ஒன்றைப் பிடித்திருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இறக்கும்போதுதான் கனம், தூக்கும்போது சுமை தானாக எழும்பியது. ஆற்றில் குடத்தை முகந்து, தூக்கிவிட ஆளில்லாமல் இடுப்பைக் கொடுத்து எக்கும்போது, பின்னாலிருந்து இரண்டு கை ஏந்தியதுபோலக் குடம் லேசாக மேலே போனது. கூடவே ஒரு மூச்சு. சுமை தூக்கிவிடுகிற பெண்கள் பல்லைக் கடித்து மூக்கால் விடுகிற சின்ன மூச்சு. திரும்பிப் பார்த்தால் மணல்தான், வெயில்தான், தூரத்தில் சாக்கு தைக்கிறவர்களின் பேச்சுதான். ஆனால் காற்றில் ஈரமண் வாசனையோடு மஞ்சள் வாசனை இருந்தது. அன்று அரைத்த மஞ்சள் இல்லை. புளித்தது. அக்காவைக் குழிக்கு எடுப்பதற்கு முன் கன்னத்திலும் காலிலும் பூசச் சொல்லி இவள் கையில்தான் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். அந்த வாசனை நகக்கண்ணிலிருந்து போக நாளானது.

கடைசியில் இருசப்பனிடம் சொன்னாள். கனத்தைச் சொன்னாள், மூச்சைச் சொன்னாள், மஞ்சளைச் சொல்லவில்லை. கல்லைத் திரும்பக் கொண்டுபோய் நட்டுவிடலாம் என்றாள்.

அவன் ஆற்றின் பக்கம் திரும்பினான்.

"நீதான சொன்ன."

"சொன்னேன்."

"திட்டு போனா போவட்டும்னு இப்ப சொல்லு. நானே எடுத்துக்கினு போயி நட்டுடறேன். சொல்லு."

சாலம்மாள் தன் வயிற்றைப் பார்த்தாள். இதற்கு முன் தங்காமல் போனவை உண்டு, இது தங்கியிருக்கிறது. பிறந்தால் தவழ ஒரு முழம் மண் வேண்டும். வெள்ளரிக் கொடி பூ விட்டிருந்தது. மேற்கே மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. அவள் சொல்லவில்லை.

மழை மலையில் முதலில் பிடித்தது. திட்டில் தூறல்கூட இல்லை. ஆற்றின் நிறம் மட்டும் மாறியது. செம்மண் கரைந்து வந்தது, பிறகு மூங்கில் இலை, பிறகு வேரோடு ஒரு செடி. ரோடெல்லாம் மரம் கிடந்ததால் தண்டோரா போட யாரும் வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அணையின் சங்கு ஊதியது. அதுதான் சேதி.

எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் சத்தம் முதலில் தொலைவில் வண்டி ஓடுவதுபோல இருந்து, கிட்டே வர வர எல்லாச் சத்தத்தையும் தின்றுவிட்டு, ஆட்கள் வாயசைப்பது மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிதானது. அதற்குமேல் மழையும் இறங்கியது. தெற்கே படல் ஓரிடத்தில் வாய் பிளக்க, அம்மாசி ஆட்களை அங்கே விரட்டினார். மூக்குக்கு மணல் சுமப்பவர்கள் சிலர்தான். பிள்ளைத்தாய்ச்சி நீ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை.

சாலம்மாள் கூடையைச் சுமந்தாள். கொட்டினாள். கனம் இறங்கவில்லை. அதன்மேல் அடுத்த கூடையை வைத்துச் சுமந்தாள். கொட்டினாள். இரண்டு கூடைக் கனம். அடுத்தது. அதற்கும் அடுத்தது. கழுத்தெலும்பு நறுக்கென்றது. இந்த வாரம் சுமந்த தண்ணீர், விறகு, மணல் எல்லாம் தலைமேல் இருந்தன. தான் சுமக்காததும் இருந்தது. கரும்புக் கட்டு. அது பச்சைச் சோகையோடு கன்னத்தில் உரசியது. அக்கா சுமந்தது.

முழங்கால் மடங்கியது. கையிலிருந்த கூடை ஆற்றோடு போயிற்று. மூக்கின் நுனியில், தண்ணீரில், மண்டியிட்டாள். தலையை நிமிர்த்த முடியவில்லை. குனிந்தால் உடையும். யாரையாவது கூப்பிட வேண்டும். பக்கத்தில் யாருமில்லை, மற்றவர்கள் மணல் அள்ளப் போயிருந்தார்கள்.

மஞ்சள் வாசனை.

பின்னால் தண்ணீரில் காலடி. மெதுவாக. காலை அகட்டி வைத்து நடக்கிற நடை.

"சாலு" என்றது. "ரொம்ப கனக்குதா?"

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"எறக்கி வுடட்டா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கழுத்து இன்னொரு முறை நறுக்கென்றது.

"எறக்கி வுடுக்கா" என்றாள்.

கனம் போனது. முதலில் உச்சி. பிறகு கழுத்து. தோள். முதுகு. ஒவ்வொன்றாக, பழகிய கை எடுப்பதுபோல. சாலம்மாள் மூச்சு விட்டாள். இத்தனை நாளில் முதல் முழு மூச்சு. அந்தக் கை நிற்கவில்லை. இடுப்பு.

"போதும்க்கா."

அடிவயிறு.

வலி இல்லை. ரத்தம் இல்லை. கையை வைத்துப் பார்த்தாள். நனைந்த புடவை. அதற்குக் கீழே ஒட்டிய வயிறு. இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தாள். இல்லை.

நிமிர்ந்தாள்.

மூக்குக்கு முன்னால், வெள்ளத்தில், கல் நின்றது. படுக்கப் போட்ட கல். இரண்டு கால், மேலே ஒரு பலகை. பழைய பாதையில் நின்ற மாதிரியே நின்றது. ஆறு அதில் மோதி இரண்டாகப் பிளந்து, திட்டைத் தொடாமல், இரண்டு பக்கமும் ஒதுங்கி ஓடியது. பலகையின் மேல் துணியில் சுற்றிய எதுவோ இருந்தது. சின்ன மூட்டை. மூட்டைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. விரல்கள் மழையைப் பிடித்தன. விட்டன.

எழுந்து ஓடினாள். கால் பதியவில்லை. உடம்பில் கனமே இல்லை. மணலில் ஊன்ற எதுவும் இல்லை. முழங்கால் தண்ணீர் அவளைச் சருகுபோலத் தூக்கிப் பின்னால் தள்ளியது. நாணலைப் பிடித்தாள். கத்தினாள். ஆற்றுச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

"கரை நின்னுடுச்சு" என்று தெற்கேயிருந்து அம்மாசியின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "மூக்கு புடிச்சுக்கிச்சு. இனிமே போவாது."

அப்போதுதான் இருசப்பன் வந்தான். தலையில் நனைந்து ஊறிய மணல் மூட்டை. இருட்டில் தலைகுனிந்தே வந்தவன், கரையில் கட்டியிருந்த அரிக்கேனின் வெளிச்சம் தண்ணீரில் விழுந்த இடத்தில் நின்றான். கல்லைப் பார்த்தான். இது எப்படி இங்கே நிற்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. முகம் தளர்ந்தது. இத்தனை வருடத்தில் குடிசைக்குள் அவள் ஒரு நாளும் பார்த்திராத முகம்.

தண்ணீரில் இறங்கி அதை நோக்கி நடந்தான். அவன் கால் பதிந்தது. மூட்டையின் கனத்தில் நன்றாகவே பதிந்தது. பலகை அவன் கண்ணுக்கு மேலே, தலையின் உயரத்தில் இருந்தது. மேலே இருப்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சின்னக் கை. கல்லுக்கு அந்தப் புறம், மார்பளவு வெள்ளத்தில், இரண்டு கையையும் நீட்டி, அவன் மணல் மூட்டையை இறக்கிவிடத் தயாராக நின்றவளும் தெரிந்தாள்.

இருசப்பன் கல்லருகே போய் நின்று, இரண்டு கையாலும் மணல் மூட்டையைப் பிடித்து, பலகையின் பக்கம் கழுத்தைச் சாய்த்தான்.