ஓர் ஆள் பாரம்

கஜகஸ்தானில், கரகண்டா பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தின் சோதனைக்கூடத்துக்கு இயக்குநர் தெமிர்கான் வந்தபோது, முதலில் ஓநாய்த்தோல் தொப்பி நுழைந்தது, பிறகு வயிறு, கொஞ்சம் கழித்து மனிதர். கையில் ஒரு தட்டு. அதில் செத்தவர்களுக்காகப் பொரித்த ஷெல்பெக் ரொட்டிகள். செத்தது எத்தனை பேரானாலும் ரொட்டி ஏழுதான். எண்ணெய் வாசனை போய்ச் சேர்ந்தால் ஆவி அடங்கும் என்பார்கள்.

“பத்திரிகைக்குப் படம் பிடிச்சாச்சு, இனி நீ சாப்பிடு தங்கச்சி. இரும்பு என்ன சொல்லுது?”

இரும்பைச் சோதிக்கும் பொறியாளர் ரவ்ஷான் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தாள். சுரங்கத்துக்குள் ஆள் இறக்கி ஏற்றும் கூண்டு ஆறு தொழிலாளிகளோடு அறுந்து விழுந்திருந்தது; அதைத் தாங்கியிருந்த எஃகு முளை இரண்டு துண்டாகக் கிடந்தது. முறிந்த பரப்பில் மயிரிழை வரிகள். கூண்டு ஒருமுறை ஏறினால் ஒரு வரி. நெருங்கியிருந்தால் பாரம் இலேசு, விலகியிருந்தால் அதிகம்.

“எல்லாம் நெருக்கமான வரி, தெமெக்கே ஐயா. பாரம் அளவுக்குள்ளதான். விரிசல்தான் பழசு. மாத்தணும்னு போன வருஷமே சொன்னேனே.”

“சொன்னே. நானும் கேட்டேன், காது இருக்குல்ல? இப்ப ‘அளவுக்கு மேல ஆள் ஏறிட்டாங்க’ன்னு எழுது.”

“செத்தவங்க தலையிலயா போடுறீங்க?”

“அவங்களுக்கு இனிமே தலை வலிக்காது. உனக்கு வேலை வேணாமா? புதுக் கூண்டைத் திறந்து வைக்கப் போறேன். வர்றதுக்குள்ள முடி.”

தட்டையும் ஒரு வெள்ளைத்தாளையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். தாளின் அடியில் அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அவ்வளவு சுறுசுறுப்பு.

‘கூடுதலாக ஆள் ஏறியதே காரணம்’ என்று எழுதி, அவளும் கையெழுத்திட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பனிப்புயல் பட்டப்பகலை விழுங்கியது. எங்கோ எண்ணெய் கொதிக்கும் ஓசை, காந்தலான மணம்.

கூடத்தில் அடுப்பே கிடையாது.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

புதிதாக ஒரு வரி.

முறிந்த இரும்பை யார் இழுக்கிறார்கள்?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி விழுந்தது. நன்றாக விலகி. பழகிய கை தானாகக் கணக்குப் போட்டது: ஆறு பேர்.

கூட ஒருவர். நல்ல கனமான ஒருவர்.

சுரங்க வாயில் மணி விடாமல் அடித்தது. காவலர் யெர்சின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“இயக்குநர் ஏறிப் போன கூண்டு மேல வந்துடுச்சும்மா... பூட்டின கதவு பூட்டினபடியே இருக்கு. உள்ள தொப்பி மட்டும்தான்.”

அறிக்கை இப்போது அப்பட்டமான உண்மை.

தட்டைப் பார்த்தாள். ரொட்டி எட்டு.

எட்டாவதிலிருந்து ஆவி பறந்தது.

அறிக்கையில் கையெழுத்து இரண்டு. எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.