பூமி இருமல்

காலையில் வீட்டுச் சுவர் நாக்கை நீட்டச் சொல்லும். பிள்ளைகள் நீட்டுவார்கள். சுவரிலிருந்து ஈரமான சின்னத் திண்டு ஒன்று வெளியே வந்து நாக்கை ஒரு தடவு தடவிவிட்டு உள்ளே போகும். உடம்பில் கோளாறு இல்லையென்றால்தான் வாசல் கதவு திறக்கும். செவ்வாய்க் கிரகத்துச் செம்பேட்டைக் குடியிருப்பில் பல் துலக்குவது போல இதுவும் ஒரு வேலை. இந்தச் சுவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சுவர்மருத்துவி.

அன்று கதவு திறக்கவில்லை. சுவர்மருத்துவி ரொசாலினைக் கூப்பிட்டது.

"பூமிப் பயணத்துக்கு உங்கள் பிள்ளைகளுக்கு ஏழு காப்பூசி. ஆறு போட்டாயிற்று. ஏழாவதற்கு நீங்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை."

ஏழாவது, பூமி இருமலுக்கான காப்பூசி. ஊசி என்ற பெயர்தான் மிஞ்சியிருந்தது. குத்தலும் இல்லை, ரத்தமும் இல்லை. கையில் ஒரு பட்டையை ஒட்டினால் போதும். அதிலிருக்கும் காப்புத்துகள்கள் ரத்தத்துக்குள் போய், வரப்போகும் கிருமியின் முகஜாடையை உடம்புக்குக் காட்டிக் கொடுக்கும். ஆனால் வடிகட்டிய காற்றிலேயே வளர்ந்த செவ்வாய்ப் பிள்ளைகளின் உடம்புக்கு இந்தக் கிருமியின் ஜாடையைக் கண்டாலே ஆகாது. காய்ச்சல் கொதிக்கும். எங்கோ ஒரு பிள்ளைக்கு வலிப்பும் வரும்.

"ஒரு விசேஷத்துக்காகப் பச்சைப் பிள்ளையள போட்டு வதைக்கணுமாட்டி?" என்றான் கணவன் அமல்தாஸ். "பேசாம நீ மட்டும் போயிட்டு வா."

"என் தங்கச்சிக்கு ஒம்பது வருசம் கழிச்சுப் பிறந்த பிள்ளை. ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தாய். குடும்பத்தோட போகாண்டாமா?"

"அப்ப ஊசி வேண்டாம். சும்மா கூட்டிட்டுப் போவோம்."

"சும்மாவா? அது என்ன ஊருன்னு தெரியுமா? பொறந்ததுலேருந்து வடிகட்டாத காத்தையே இழுக்கிற சனம். அங்க ஒருத்தன் தும்முனா தெருவே தும்முமாம். கழுவாத கையால கன்னத்தைக் கிள்ளுவாங்க."

ரொசாலின் பட்டையை ஒட்டச் சொல்லிவிட்டாள். ஆறு வயது ஜெனிட்டாவுக்குக் காய்ச்சல் வந்து இறங்கியது. நாலு வயது டேரியனுக்கு வலிப்பே வந்தது. கண் மேலே செருகி, சின்னக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தபோது ரொசாலினுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிள்ளை தேறி எழுந்து கஞ்சி கேட்கும்வரை அவள் பூமியைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

கிளம்பும் நாளில் சுவர்மருத்துவி மறுபடி கூப்பிட்டது.

"இன்னும் ஒன்று. விருந்தாளிச் சொட்டு. ஆளுக்கு இரண்டு சொட்டு போதும். காப்பூசி உங்களுக்கு நோய் வராமல் தடுக்கும். இந்தச் சொட்டு, உங்கள் தொண்டையில் கிருமி இருந்தால் அதைக் கொன்று, நீங்கள் போகிற வீட்டாரைக் காக்கும். காய்ச்சல் எதுவும் வராது. ஆனால் கட்டாயமில்லை."

ரொசாலினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்மகிட்ட என்ன இருக்கு அவங்களுக்குத் தொத்துறதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள்.

தூத்துக்குடியில் தங்கை வீட்டுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். கூடத்தின் நடுவே தரைக்கும் கூரைக்குமாக ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் டெல்பின். அவள் கையில் குழந்தை.

"அக்கா, அங்கனயே நில்லு. கோவிச்சுக்காத. பிள்ளைக்கு மூணு மாசந்தான் ஆகுது. செவ்வாய் இருமலுக்கு ஊசி போட ஆறு மாசம் ஆகணுமாம்."

"என்ன இருமல்?"

"செவ்வாய் இருமல். உங்க ஊருலேருந்து வாரதுல்லா. நீங்க வாரீங்கன்னதும் நாங்க ரெண்டு பேரும் போட்டுக்கிட்டோம். அவருக்குக் காய்ச்சல்ல வாய் குழறிப் போச்சு."

ரொசாலினுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. கிரகம் விட்டுக் கிரகம் தாண்டி வந்தவளை, கூடப்பிறந்தவள் கண்ணாடி போட்டு நிறுத்துகிறாள். அதுவும் தன் ஊர்ப் பெயரில் ஒரு நோயைச் சொல்லி!

"ஏட்டி, அது பூமி இருமல்! உங்க அழுக்குக் காத்துலேருந்து வாரது. அதுக்கு ஊசி போட்டுத்தான் என் பிள்ளை சாகக் கிடந்தான்!"

வாக்குவாதம் முற்றியது. கடைசியில் டெல்பினின் கணவன் கூப்பிட, சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் செங்கமலம் வந்தாள். மூச்சுமானி என்ற சின்னக் குழலில் எல்லோரையும் ஊதச் சொன்னாள். ரொசாலின் குடும்பம் ஊத, குழல் சிவந்தது. டெல்பினும் கணவனும் ஊத, அதே சிவப்பு. வழக்கப்படி நர்ஸ் தானும் ஊதினாள். பச்சை. குழந்தையின் மூக்கருகே பிடித்தாள். அதுவும் பச்சை.

"ரெண்டும் ஒரே கிருமிதாங்க. பேருதான் வேற" என்றாள். "ஊசி போட்டதால உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா எல்லார் தொண்டையிலயும் உட்கார்ந்திருக்கு. குழந்தைக்குப் போனா மூச்சை அடைச்சிடும். இதுவரைக்கும் தொத்தாதது உங்க நல்ல நேரம். இப்ப எல்லாரும் விருந்தாளிச் சொட்டு ரெண்டு போட்டுக்கங்க. நாளைக்குக் காலையில தாராளமா தூக்கலாம். அதுவரைக்கும் தாய் உட்பட யாரும் கிட்டப் போகாதீங்க. நான் வச்சிருக்கேன்."

நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு டெல்பின் பக்கத்துச் சன்னலோரம் போய் நின்றாள். அக்காவும் தங்கையும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். பெற்றவளே பிள்ளைக்கு எமனா? டெல்பின் விசும்ப ஆரம்பித்தாள். அதைப் பார்க்க ரொசாலினுக்குத் தாங்கவில்லை.

"அழாதட்டி. உன்மேலயும் தப்பில்ல, என்மேலயும் தப்பில்ல" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "வார வழியில நிலாவுல கப்பல் மாறினோம். அங்க ஒட்டியிருக்கும்."

டெல்பின் சட்டென்று கண்ணைத் துடைத்தாள். "நானும் அதத்தான்க்கா நினைச்சேன்! இங்க துறைமுகத்துல பூரா நிலாக்காரங்கதான் வேலை பாக்காங்க. ஒரு சுத்தம் கிடையாது."

"பொந்துக்குள்ள அடைஞ்சு கிடக்கிற சனந்தான. எப்படி இருக்கும் சுத்தம்?"

ரொசாலின் வந்து ஒரு மணி நேரத்தில் இப்போதுதான் முதல்முறையாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

சன்னலோரத்திலிருந்து நர்ஸ் திரும்பினாள். "நான் நிலாவுல பிறந்தவதாங்க" என்றாள் சாதாரணமாக. "எங்க ஊர்ல அந்தச் சொட்டு கட்டாயம்."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை. டெல்பின் ஒரே எட்டில் பாய்ந்து குழந்தையை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அம்மா, வேண்டாம்! நாளைக்குக் காலை வரைக்கும்..."

"நீங்க வெளிய போங்க முதல்ல!" டெல்பின் தடுப்பின் கதவைத் தள்ளித் திறந்தாள். "அக்கா, இந்தா, நீ பிடி. நம்ம பிள்ளை நம்ம கையில இருக்கட்டும்."

நர்ஸ் வெறுங்கையை நீட்டியபடி பின்னாலேயே வந்தாள். ரொசாலின் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்து, அதன் வாயருகே குனிந்து, இத்தனை நாள் ஏங்கிய ஏக்கமெல்லாம் தீர முத்தமிட்டாள்.