மேல்வீட்டுத் தரை

மேல்வீட்டுத் தரை பளபளத்தது. முட்டி வீங்கியதிலிருந்து இன்றுவரை பசிலியா இங்கே ஏறியதே இல்லை. ஆனாலும் காலையில் பூனையைத் துரத்திக்கொண்டு மேலே ஓடிய மீன்காரி சோலெங் சொன்னது உண்மைதான்.

"முட்டி போச்சுன்னு ஊரெல்லாம் புலம்பிட்டு, தரைய கண்ணாடியாட்டம் தேச்சு வெச்சிருக்கீங்களே அத்தை! ராத்திரி ஆட்டம் ஏதாச்சும் உண்டா?"

"அப்ரெனிக்கா குடும்பத்து வீடுடி. தேய்க்காம விடுவேனா?" என்று நிமிர்ந்துதான் பதில் சொல்லியிருந்தாள்.

இப்போது புது மெழுகின் வாடை மூக்கில் ஏறியது. மூலையில் கிடந்த, காலால் மிதித்துத் தரை தேய்க்கும் தேங்காய் மட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது.

யாரிடம் சொல்வாள்? மணிலாவில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரன் ரொஹெலியோ ஒன்றுவிட்ட அண்ணன் மகன். அவள் விதவையானபோது வாய்வார்த்தையாகச் செய்த ஏற்பாடு இது. "வாடகை வேணாம் அத்தை. கீழறைல இருந்துக்குங்க. மேல்வீட்ட மட்டும் தேச்சு வெச்சா போதும். கூரையும் கரண்டும் எங்க பாடு." காகிதம் எழுதவில்லை, அந்தக் குடும்பத்தில் சொல்லே போதும். தேய்க்க முடியாதவள் என்று தெரிந்தால் அந்தச் சொல்லும் தீர்ந்தது. அவளுக்கு வேறு கூரை இல்லை.

அதனால் வாயைத் திறக்கவில்லை. கோயில் மணி ஓய்ந்து, முற்றத்துப் புளியமரம் கறுத்து, ஊரார் தத்தம் அடுப்பைப் பார்க்கத் திரும்பும் வேளையில், தலைக்கு மேலே மட்டையை மிதித்து யாரோ சுவரிலிருந்து சுவருக்கு நிதானமாகத் தேய்த்துப் போவதைப் படுக்கையிலிருந்து கேட்டுக் கிடந்தாள். அச்சம்தான். ஆனால் எத்தனையோ காலத்துக்குப் பிறகு வீட்டில் இன்னோர் ஆள் அரவம்.

சும்மா உழைப்பு வாங்கிய பெயர் அவள் வம்சத்துக்குக் கிடையாது. ஒரு மாலை, சோறும் கருவாடும் தட்டில் வைத்து மேல்படியில் கொண்டுபோய் வைத்தாள்.

"யாரா இருந்தாலும் சாப்பிடு. இந்த வீட்டுச் சோறு."

வேலை செய்து வீட்டுச் சோறு தின்றவர் வீட்டு மனிதர். எத்தனை வேலைக்காரிகளை அவளே அப்படிச் சொல்லிச் சேர்த்திருக்கிறாள்! அது நினைவுக்கு வந்தபோது விடிந்திருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

பிறகு சத்தம் கீழேயும் வந்தது. அவள் முற்றத்தில் இருக்கும்போது அறைக்குள் குடத்தில் நீர் நிறையும். போர்வை மடிந்திருக்கும்.

ஞாயிறு சாயங்காலம். மழை. மேல்வீட்டில் தொலைபேசி அலறியது. வெளிப்படிக்கட்டைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். பாதியில் மணி நின்றது.

மேலே யாரும் இல்லை. ரிசீவர் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. ரொஹெலியோவின் குரல்.

"...பரவால்ல, நீங்களே இருந்துக்குங்க. அத்தை போறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். அவங்க ரோஷக்காரங்க, என்ன பண்றது. வீட்ட யாரு பாத்துக்கறாங்களோ அவங்களுக்குத்தான் இடம்."

பாய்ந்து எடுத்தாள். "தம்பி! நான் எங்கயும் போகல! நான்தான் பேசறேன்!"

"ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"தம்பி!"

"ச்சே, மழைல லைன் போச்சு."

துண்டித்துவிட்டான்.

இறங்கினாள். வழுக்கினாள். எழுந்தாள். முற்றமெல்லாம் சேறு.

கீழறைக் கதவு சாத்தியிருந்தது. இடுக்கில் விளக்கொளி. சோறு கொதிக்கும் மணம். உள்ளே யாரோ ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தட்டினாள்.

ஜெபம் நின்றது. "யாரு?"

பசிலியாவின் சொந்தக் குரல். அதே கரகரப்பு.

இருட்டிய பின் வாசலில் நிற்பவர் 'மனுஷர்தான்' என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த ஊரில் யாரும் திறக்க மாட்டார்கள். பசிலியா வாயைத் திறந்தாள். நெஞ்சு கிழியக் கத்தினாள்.

அவள் காதுக்கே மழை மட்டும்தான் கேட்டது.

"மனுஷர்னா சொல்லுங்க." உள்ளே அந்தக் குரல் நடுங்கியது. "நான் வயசானவ. தனியா இருக்கேன்."

மறுபடி கத்தினாள்.

உள்ளே, தாழ்ப்பாளுக்கு மேல் இன்னொரு தாழ்ப்பாள் விழுந்தது.