தில்ஷாத் தைத்த தலைப்பாகை

பாலாற்றின் பரந்த மணல்வெளியில் அந்திச் செவ்வொளி மெல்ல மங்க, கீழ்த்திசையில் எழுந்த முழுமதி சிற்றோடைகளையெல்லாம் வெள்ளியாக உருக்கி வார்த்துக்கொண்டிருந்த அந்த வேளையில், கரையோரக் கோட்டையின் அந்தப்புரத் தூண் ஒன்றின் பின்னால் தில்ஷாத் பேகம் மூச்சுவிடவும் அஞ்சி நின்றாள்.

வாசகர்களே, கோட்டைக் காவல் தலைவனான கில்லேதார் முர்தஜா பேகின் ஒரே தங்கை அவள். சுல்தானின் தூதனாக வந்திருந்த ஜாபர் குலிக்கு அன்று தர்பாரில் சூட்டுவதற்கென்று, கருநீலப் பட்டில் ஜரிகைக் கொடிகள் இழைத்துத் தலைப்பாகை தைத்தவளும் அவளே. அவனிடம் வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் அந்தத் தையலில் சொல்லியிருந்தாள்.

கடைசியாக ஒருமுறை அதைப் பார்க்க வந்தவள் கண்ட காட்சி அவள் குருதியை உறைய வைத்தது. கோட்டை வைத்தியரான ஹகீம் கைகளில் துணியைச் சுற்றிக்கொண்டு, தலைப்பாகையின் உட்புறத்தில் இறகினால் எதையோ பூசிக்கொண்டிருந்தார். அருகில் அண்ணன்.

"வியர்வை பட்டதும் உடம்பில் இறங்கிவிடும், ஹுஜூர். ஆற்றைக் கடப்பதற்குள் காய்ச்சல் காணும். அப்புறம் பிழைக்கமாட்டார்."

"கோட்டைச் சாவியைக் கேட்டு வந்தவன் காய்ச்சலில் மாண்டால் சுல்தான் யாரைக் குறை சொல்வார்?" என்றான் முர்தஜா.

தில்ஷாத் ஓசையின்றிப் பின்வாங்கினாள். உண்மையைச் சொன்னால் தாயாய் வளர்த்த அண்ணனின் தலை உருளும். சொல்லாவிட்டாலோ, ஜாபர்!

தர்பார் கூடியது. ஜாபர் தன் தலைப்பாகையைக் களைந்து சிரம் தாழ்த்தினான். முர்தஜா நீலப் பட்டை உயர்த்தினான். அப்போது திரைச்சீலை விலகியது.

"பொறுங்கள், பாய்ஜான்." முகத்திரையோடு வந்து நின்ற தில்ஷாத் அண்ணனை நோக்கிச் சொன்னாள். "தைத்தவள் கேட்கிறேன். நம் வீட்டு மூத்தவர் தாங்கள். ஒரு கணம் தாங்கள் அணிந்து, துஆ ஓதி ஆசீர்வதித்துக் கொடுங்கள்."

அண்ணன் ஏதேனும் சாக்குச் சொல்லி அதை ஒதுக்கிவிடுவான் என்றே அந்தப் பேதை எண்ணியிருந்தாள். ஆனால் முதிய தளபதி ஒருவர், "பேகம் சாஹிபா கேட்பது முறைதானே?" என்று புன்னகை செய்தார். சபை முழுவதும் முர்தஜாவைப் பார்த்தது. மறுத்தால் குற்றம் வெளிப்படும். தங்கைக்கு எல்லாம் தெரியும் என்பதை அவன் கண்டுகொண்டான். தன் தலைப்பாகையை அகற்றிவிட்டு நீலப் பட்டைத் தலைக்கு உயர்த்தினான்.

அதன் விளிம்பு அவன் நெற்றியைத் தொட்டதோ இல்லையோ, தில்ஷாத் பாய்ந்து தட்டிவிட்டாள்.

"வேண்டாம், பாய்ஜான். நஞ்சு."

ஜாபரின் வீரர்கள் வாளை உருவினார்கள். தில்ஷாத் அண்ணனின் முன்னால் நின்றாள். "முதலில் என்னை வெட்டுங்கள்."

ஜாபர் கையமர்த்தினான். முர்தஜா இடையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவன் காலடியில் வைத்துவிட்டு அப்படியே மண்டியிட்டான்.

"பேகம், தாங்கள் காத்த உயிர் இது," என்றான் ஜாபர். "சாவியை மட்டுமே கொண்டு செல்வேன். இன்று நடந்தது என் நாவிலிருந்தும் என் வீரர் நாவிலிருந்தும் வெளிவராது. அல்லாஹ்வின் மீது ஆணை."

தில்ஷாத் அதைக் கேட்டாளா என்பதே ஐயம். அண்ணனின் நெற்றியைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் மறுபடியும் துடைத்தாள்.