கடலுக்குப் போன பீப்பாய்

போன் அடித்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெவர்லி ஹீப் ஈரக் கையோடு எடுத்தாள்.

"பெவ், நெவில் பேசறேன். பீப்பாய் வந்துருச்சு."

அவள் கையிலிருந்த கண்ணாடிக் குவளை தொட்டியில் விழுந்து நொறுங்கியது.

"எந்தப் பீப்பாய்?"

"நல்லா கேட்ட போ. என் தம்பி கல்கத்தாவுக்கு அனுப்பினதுதான். லிவர்பூல்ல இறங்கி, இப்ப என் பப்ல உக்காந்திருக்கு. நாளைக்கு சனிக்கிழமை, மத்தியானம் பன்னெண்டு மணிக்குத் திறக்கறோம். பர்ட்டன் ஊரே திரண்டு வருது."

"அதைக் கடல்லயே தள்ளிடச் சொல்லி கேப்டனுக்கு எழுதியிருந்தேனே..."

"தெரியும். நீ துக்கத்துல எழுதியிருக்கன்னு நான்தான் வேணாம்னு தடுத்தேன். ராய்ஸ்டன் கடைசியா அடைச்ச பீர் அது. கடல்ல கொட்ட மனசு வருமா?"

பெவர்லி போனை வைத்தாள்.

அந்தப் பீப்பாய்க்குள் பீர் மட்டும் இல்லை.

அவள் கணவன் ராய்ஸ்டனும் இருந்தான்.

போன டிசம்பரில், அவர்கள் பீர் காய்ச்சும் கூடத்தில் நடந்தது அது. பழைய காலத்தில் போனது போலவே ஒரு பீப்பாய் 'பேல் ஏல்' என்ற வெளிறிய பீரைப் பாய்மரக் கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றி கல்கத்தாவுக்கு அனுப்பி, திருப்பிக் கொண்டுவந்து குடிப்பது. அதுதான் ராய்ஸ்டனின் திட்டம். பத்திரிகைகளில் அவன் படம். பீப்பாயின் மூடியில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவன் பெயர்.

பீர் அவளுடையது. பதினெட்டு வருஷம் ருசித்து, துப்பி, திருத்தி அவள் உருவாக்கிய பக்குவம்.

"என் பேரையும் பக்கத்துல சுடு, ராய்ஸ்டன்" என்றாள்.

அவன் சிரித்தான்.

"நாக்கு உன்னோடது, பேரு என்னோடது. குடும்பம்னா அப்படித்தான்."

"இந்த ஒரு தடவை மட்டும்..."

"ரொம்பப் பேசினா நாக்கும் தேவையில்லாம போயிரும்."

சொல்லிவிட்டு, அவள் ஒரு வருஷமாக முதிர வைத்திருந்த சோதனைப் பீர் இருந்த சின்னப் பீப்பாயைக் காலால் எட்டி உதைத்தான். பீர் சாக்கடையில் பொன்னிறமாக ஓடியது.

மரச் சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது.

ஒரே அடி.

அப்புறம் இருந்தது வேலை மட்டும். இரும்பு வளையங்களைத் தட்டிக் கழற்றினாள். மூடியை எடுத்தாள். பீப்பாய் தூக்கும் சங்கிலியில் அவனைத் தூக்கி உள்ளே மடக்கி வைத்தாள். பீரை ஊற்றி நிரப்பினாள். மூடியை அடைத்து வளையங்களை இறுக்கினாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவனுடைய வேன் ட்ரெண்ட் ஆற்றுப் பாலத்தருகே நின்றது. கோட்டு கைப்பிடிச் சுவரில் கிடந்தது.

ஆற்றில் விழுந்துவிட்டான் என்று ஊரே அழுதது.

அவளும் அழுதாள். அதில் கொஞ்சம் நிஜமும் இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி.

நெவில் ரொட்டி வாங்கப் போயிருந்தான். பெவர்லி தன் வேனை பப்பின் பின்வாசலில் ஒட்டி நிறுத்தினாள். மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது. உள்ளே, மரச் சட்டத்தின் மேல் படுத்திருந்தது பீப்பாய். மூடியில் கருகிய எழுத்தில் ராய்ஸ்டன் ஹீப்.

முட்டுக்கட்டை ஒன்றை உருவினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

உள்ளே ஏதோ அசைந்தது.

பீரா? அவனா? நெற்றியைப் பலகையில் வைத்து நின்றாள். "போயிரு, ராய்ஸ்டன்... தயவுபண்ணி போயிரு" என்று முனகினாள்.

"ஒரு கை பிடிக்கட்டுமா, மிஸஸ் ஹீப்?"

திரும்பினாள்.

வாசலில் இன்ஸ்பெக்டர் நஸ்ரீன் மஹ்மூத். ராய்ஸ்டன் காணாமல் போன வழக்கைப் பதினோரு மாதமாகக் கையில் வைத்திருப்பவள்.

"நீங்க... இவ்வளவு சீக்கிரம்?"

"நெவில் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் கூப்பிட்டார். சீஸ் பலகாரம் தீர்ந்துரும்னு முன்னாடியே வந்துட்டேன். பீர் நமக்கு ஆகாது. ஆமா, பீப்பாயை எங்க கொண்டு போறீங்க?"

"வெளிச்சத்துல வைக்கலாம்னு..."

"குடிக்காத எனக்கே தெரியும், ஆட்டினா வண்டல் கலங்கிரும்னு. உங்களுக்கா தெரியாது?"

பெவர்லி பீப்பாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அவர் ஞாபகம் வந்துருச்சு, நஸ்ரீன். என்ன பண்றேன்னே தெரியல."

நஸ்ரீன் அவளை ஒரு கணம் பார்த்தாள். முட்டுக்கட்டையை எடுத்து மறுபடி செருகினாள்.

"உக்காருங்க. டீ போட்டுத் தரேன்."

பன்னிரண்டு மணிக்கு பப்பில் நிற்க இடமில்லை. நெவில் ஒரு நாற்காலி மேல் ஏறினான். ராய்ஸ்டனின் அண்ணன். பெரிய உடம்பு, பெரிய மனசு.

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யாக்காரன் நம்ம பீருக்கு வரி போட்டு வாசலைச் சாத்தினான். பர்ட்டன்ல அடுப்பு அணைஞ்சுது. அப்ப லண்டன்காரன் கல்கத்தாவுக்கு ஒரு வெளிறின பீரை அனுப்பிக் கொழிச்சுக்கிட்டிருந்தான். நம்ம ஆளுங்க அதை ருசி பார்த்தாங்க. இதை நாமளும் காய்ச்சலாமேன்னு காய்ச்சினாங்க. அவனால நம்மகிட்ட நிக்க முடிஞ்சுதா?"

"முடியல" என்றது கூட்டம்.

"ஏன்?"

"தண்ணி!" என்றார் ஒரு கிழவர்.

"அதான். நம்ம கிணத்துத் தண்ணியில இருக்கற ஜிப்சம். ஹாப்ஸ் பூவோட கசப்பைக் கத்தி மாதிரி தீட்டிக் குடுக்கும். மிச்ச வேலையைக் கடல் செஞ்சுது. வெயிலும் அலையும் ஆட்டி ஆட்டி, ரெண்டு வருஷம் நிலவறையில கெடந்து முத்தறதை நாலே மாசத்துல முத்த வெச்சுது. என் தம்பி அதைக் காட்டத்தான் இந்தப் பீப்பாயை அனுப்பினான்."

நெவில் இறங்கி வந்தான். ஒரு மரச் சுத்தியலைப் பெவர்லியிடம் நீட்டினான்.

"குழாயை நீதான் அடிச்சு இறக்கணும், பெவ்."

"என்னால முடியாது."

"உன்னை விட்டா யாருக்கு உரிமை?"

சுத்தியல் கையில் கனத்தது. நூறு முகங்கள் அவளையே பார்த்தன. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள்.

குழாய் இறங்கியது. நெவில் திறந்தான்.

பொன்னிறமாகப் பீர் வந்தது. தெளிவாக... நுரை பொங்க...

முதல் குவளையை அவளிடம் நீட்டினான். அவள் தலையை ஆட்டினாள். நெவில் வற்புறுத்தவில்லை. சட்டென்று குவளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

குவளைகள் கை மாறின. ஆட்கள் குடித்தார்கள். மீசையை நக்கினார்கள்.

"என்ன உடம்பு இந்தப் பீருக்கு" என்றார் கிழவர்.

"கடைசியில ஒரு தனி ருசி நிக்குது பாருங்க" என்றாள் அவர் மனைவி. "இறைச்சி மாதிரி ஒரு கனம்."

பெவர்லி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் இரண்டாவது குவளைக்குக் கை நீட்டினார். பிறகு இன்னொருவர்.

நெவில் குவளையை உயரத் தூக்கினான். கண் கலங்கியிருந்தது.

"நல்லா ருசிச்சுக் குடிங்க. ஒவ்வொரு மடக்குலயும் என் தம்பி இருக்கான்."

அவளிடமிருந்து ஓர் அலறல் வெளிப்பட்டது.

"குடிக்காதீங்க!"

பப் அடங்கியது.

"கீழ வைங்க... எல்லாரும் கீழ வைங்க. அவரு உள்ள இருக்காரு. நான்தான் போட்டேன். சுத்தியலால அடிச்சேன்... மடக்கி உள்ள வெச்சு பீரை ஊத்தினேன். ஐயோ, குடிக்காதீங்க..."

யாரோ துப்பினார்கள். கிழவர் பின்வாசலைப் பார்த்து ஓடினார். அவர் மனைவி குவளையைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடி நின்றாள்.

நெவில் மட்டும் அசையவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"பெவ்... நீயா? என் தம்பியை?"

"மன்னிச்சிரு, நெவில்."

"இது அந்தப் பீப்பாய் இல்ல" என்றான் மெதுவாக.

அவள் நிமிர்ந்தாள்.

"என்ன சொன்ன?"

"போகும்போதே நன்னம்பிக்கை முனைகிட்ட புயல். கயிறு அறுந்து பீப்பாய் கடலுக்குள்ள போயிருச்சு. கேப்டன் எனக்கு மட்டும்தான் சொன்னார். அவன் பேர்ல ஊரே காத்துக்கிட்டிருக்கு, எப்படிச் சொல்வேன்? அதே மாதிரி ஒரு பீப்பாய் செய்யச் சொல்லி, டெர்பியில சிநேகிதன்கிட்ட பீர் காய்ச்சி வாங்கினேன். இந்த செப்டம்பர்ல பறிச்ச ஹாப்ஸ் பூ. ஒரு மாசத்துப் பீர்." அவன் குரல் உடைந்தது. "உன் நாக்குக்கு மட்டும்தான் பயந்தேன். நீ ஒரு மடக்கு குடிச்சிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்ப."

பெவர்லி நாற்காலியில் சரிந்தாள்.

கடலுக்கு அடியில்... இத்தனை மாதமாக.

அவள் கேட்டது கேட்டபடியே நடந்திருந்தது.

நஸ்ரீன் எலுமிச்சை சோடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கைவிலங்கை எடுத்தாள்.

"நஸ்ரீன்... நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"தற்கொலைன்னு எழுதி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டு வழக்கை மூடறதா இருந்தேன்."

விலங்கு பூட்டிய சத்தம் பப் முழுக்கக் கேட்டது.

நஸ்ரீன் பெருமூச்சு விட்டாள்.

"இருபது வருஷ சர்வீஸ்ல, குடிச்சுட்டு உளறினவங்களை நிறையப் பேரைப் பிடிச்சிருக்கேன், மிஸஸ் ஹீப். குடிக்காததால உளறினது நீங்க ஒருத்தர்தான்."